பனி இரவும் ஒரு பாட்டுக் கச்சேரியும்



பனி என்னும் சொல்லை நம் தாய்மொழி இரு பொருளில் ஆள்கிறது. இமயத்துச் சிகரங்களிலும் காஷ்மீரத்துச் சாலைகளிலும் வெண்பஞ்சுபோல் குவிந்து கிடப்பதும் பனி. மார்கழி விடியலில் முற்றத்துச் செடியின் இலைநுனியில் முத்துமுத்தாய் நிற்பதும் பனி. நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றும் பெயரிட்டு வைத்தார்கள்.

சென்னை மாநகரின் வடபகுதிக்கு முதலாவது பனி தெரியாது. இரண்டாவது பனியோ அதற்கு மிக நெருங்கிய உறவு. அங்கே பனி தனியாக வருவதில்லை. கடற்காற்றின் ஈரத்தையும் ஆலைப் புகையின் மணத்தையும் உடன் அழைத்துக்கொண்டு வரும். துறைமுகத்து விளக்குகளைச் சுற்றி மஞ்சள் வளையம் கட்டும். தகரக் கூரைகளின் விளிம்பில் சொட்டுச் சொட்டாக வடியும். தலையில் மப்ளர் கட்டாமல் வெளியே நடந்தால் மறுநாள் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அத்தகைய ஓர் இரவில் ஒரு தெரு முழுவதும் மக்கள் தரையில் சாக்கு விரித்து அமர்ந்து, நள்ளிரவு கடந்தும் எழாமல், ஒரே ஒரு மனிதரின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடியவர் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபா. கேட்டவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டார்கள். அவர்கள் நினைவில் அந்த இரவு எப்படி வாழ்கிறது, அதை நாம் ஏன் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். அதற்கு முன் ஊரைப் பார்த்துவிடுவோம், வாருங்கள்!

கடலோரத்து வீதிகள்

மண்ணடியில் தொடங்குவோம். 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கே மெட்ரோ ரயில் நிலையம் திறக்கப்பட்டது. படியேறி மேலே வந்தால் லிங்கிச் செட்டி தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, மூர் தெரு என்று நம் சமுதாயத்தவர் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்துவரும் வீதிகள் கிளை பிரியும். தென்கோடிக் கடற்கரை ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கு இவ்வீதிகளே முதல் புகலிடமாயின.

வடக்கே நடந்தால் ராயபுரம். 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது இந்த ராயபுரம் நிலையத்திலிருந்துதான். நம் நாட்டில் இன்றும் நிமிர்ந்து நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இதுவே. படகோட்டிச் சமூகத்தார் போற்றிவரும் புனித பேதுரு ஆலயமும், பார்சி மக்களின் அக்கினிக் கோயிலும், நம்முடைய பள்ளிவாசல்களும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. இங்குள்ள ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பர் 17 அன்று கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடைபெற்றது. மழையானாலும் பனியானாலும் வெட்டவெளியில் அமர்ந்து செவிமடுக்கும் பழக்கம் இவ்வட்டாரத்து மக்களுக்குப் புதிதன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இன்னும் சற்று வடக்கே தண்டையார்பேட்டை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே வந்து தங்கி, இங்கேயே அடங்கியவர் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள். இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்தவர். தொண்டியிலிருந்து வந்தவராதலால் மக்கள் அவரைத் தொண்டியார் என்றழைக்க, அதுவே பேட்டைக்கும் பெயராயிற்று என்று இங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவர்மீது திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் நான்மணிமாலை பாடினார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு முஸ்லிம் ஞானியை ஓர் இந்துப் புலவர் தமிழால் சிறப்பித்த மண் இது!

திருவொற்றியூரை எட்டினால் தியாகராசர் கோயிலும், கடலோரத்தில் பட்டினத்தார் அடங்கிய இடமும் வரும். திருவையாற்றுத் தியாகராச சுவாமிகள் இவ்வூர் அம்மன்மீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றியிருக்கிறார். அவருடைய மாணவர் வீணை குப்பய்யர் இவ்வூரோடு நெருங்கிய தொடர்புடையவர். அதற்கும் அப்பால் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம். 1948ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் பின்னர் அசோக் லேலண்டாக வளர்ந்து எண்ணூருக்கு முகவரி தந்தது. திருவொற்றியூரில் 1955 முதல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாயின. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை தன் பெயரையே ஒரு பகுதிக்கு வழங்கிவிட்டுச் சென்றது.

ஆக, மூட்டை சுமப்போரும் வலை இழுப்போரும் இரும்பு உருக்குவோரும் வாழும் கடற்கரை இது. இங்கே பாட்டு என்பது ஓய்ந்திருப்போரின் பொழுதுபோக்கன்று. உழைத்துக் களைத்த உடம்புக்கு அது ஒத்தடம்!

பாடியவர்

இசைமுரசு அவர்களை இன்றைய இளைஞர்கள் கைப்பேசி வழியாக மட்டுமே அறிவார்கள். ஆதலால் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். இஸ்மாயில் முஹம்மது ஹனிபா என்பது அவரது முழுப்பெயர். பிறந்த நாள் 1925 டிசம்பர் 25. அவர் பிறந்ததும் ஒரு மார்கழி மாதத்தில்தான் என்பதைக் கவனியுங்கள். இளமையிலேயே மேடையேறினார். இஸ்லாமியப் பாடல்களும் திராவிட இயக்கப் பாடல்களும் அவருடைய இரு சிறகுகளாயின. சட்ட மேலவை உறுப்பினராகவும், தமிழ்நாடு வக்பு வாரியத் தலைவராகவும் பொறுப்பு வகித்தார்.

திரையுலகம் அவரை அவ்வப்போது அழைத்துக்கொண்டது. 1961ஆம் ஆண்டு வெளிவந்த 'பாவமன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் இணைந்து பாடினார். 1992ஆம் ஆண்டின் 'செம்பருத்தி' படத்தில் இளையராஜா இசையில் அவர் குரல் ஒலித்தது. ஆனால் அவர் திரைக்குரியவரல்லர், தெருவுக்குரியவர். மீலாது மேடை, திருமணப் பந்தல், கட்சிப் பொதுக்கூட்டம் ஆகிய இடங்களில்தான் அவரது ஆட்சி நடந்தது. 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாடலை அறியாத தமிழர் இருக்க முடியுமா? கிளியனூர் அப்துல் சலாம் எழுதிய அப்பாடல் பள்ளிவாசல் தெருவில் ஒலிப்பதுபோலவே பிற சமயத்தார் வீடுகளிலும் ஒலித்து வருகிறது.

2015 ஏப்ரல் 8 அன்று அவர் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கேட்டவர்கள் சொன்னவை

ராயபுரத்துப் பள்ளிவாசல் ஒன்றை அடுத்த தேநீர்க் கடையில் அஸர் தொழுகைக்குப் பின் முதியவர்கள் சிலர் கூடுவது வழக்கம். பேச்சு எங்கே தொடங்கினாலும் பழைய கச்சேரிகளில் வந்து நிற்கும். நான் அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டவற்றை அப்படியே தருகிறேன். அவர்கள் பெயர் இங்கே தேவையில்லை. அவர்களைப் போன்றவர் உங்கள் தெருவிலும் இருக்கிறார்கள்.

முதலாமவர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த இரவைப் பற்றிக் கேட்டதும் பாடகரைப் பற்றி எதுவும் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னார்.

"ஹஜ்ரத், எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது பாட்டில்ல, ஒரு கம்பளிதான். குளிர் தாங்காம நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல இருந்தவர் தன் கம்பளியில பாதியை எடுத்து என் தோள்மேல போட்டார். ஒரு வார்த்தை பேசல. கச்சேரி முடிஞ்சதும் மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டார். யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

இரண்டாமவர் எண்ணூர் ஆலையொன்றில் வேலை பார்த்தவர், நம் இந்துச் சகோதரர். இரவு முறை முடிந்து மிதிவண்டியில் வீடு திரும்புகையில் ஒலிபெருக்கியின் ஒலி கேட்டுத் தெருமுனையில் நின்றிருக்கிறார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை மிதிகட்டையில் வைத்தபடியே ஒரு பாட்டு மட்டும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தாராம். கைப்பிடியில் தொங்கிய சாப்பாட்டுத் தூக்கு பனியில் நனைந்து குளிர்ந்தே போயிற்று. "நான் யாரு, எந்த ஊருன்னு ஒருத்தரும் கேட்கல. ஒரு சின்னப் பையன் சுக்குக் காப்பி கொண்டுவந்து கையில கொடுத்துட்டுப் போனான். அப்புறம் நான் எங்கே கிளம்புறது!" என்று சிரித்தார். பாட்டு முடியும்வரை மிதிவண்டியிலிருந்து அவர் இறங்கவுமில்லை, வீட்டுக்குப் போகவுமில்லை.

மூன்றாமவர் காசிமேட்டு மீனவர், கிறிஸ்தவப் பெரியவர். அவர் கச்சேரிக்கு வரவேயில்லை! கடலுக்குப் புறப்படும் முன் கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது காற்றில் மிதந்து வந்த குரலைக் கேட்டவர். "வேலை பார்த்த கை அப்படியே நின்னுடுச்சு பாய். மூணு பாட்டு முடிஞ்ச பிறகுதான் எங்க ஆளுங்க எழுந்தாங்க" என்றார்.

நான்காவது சான்று ஒரு மூதாட்டியுடையது. அவருடைய பேரப்பிள்ளை நம் மக்தபில் ஓதுகிறான். அந்நாளில் அவர் இளம் மணப்பெண். தெருவை ஒட்டிய மாடியில் பெண்களுக்காகக் கட்டியிருந்த துணித் திரைக்குப் பின்னே அமர்ந்திருந்தார். பனியில் திரை நனைந்து கனத்துக் காற்றில் அசையாமல் தொங்கியதாம். பாடகரின் முகத்தை அவர் அன்றும் பார்த்ததில்லை, அதன்பின் நேரில் பார்க்கும் வாய்ப்பும் கிட்டவில்லை. ஆயினும் ஆடவர்கள் மூவரும் பாடல்களின் தொடக்கத்தை மட்டுமே சொல்ல முடிந்தபோது, இந்த அம்மையார் பாடல்களை முழுமையாகச் சொன்னார். தம் நான்கு பிள்ளைகளுக்கும் அவற்றையே தாலாட்டாகப் பாடியவர் அல்லவா! அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றில் தாம் அறிந்ததில் பெரும்பகுதி பாட்டின் வழியே தமக்கு வந்தது என்று அவர் சொன்னபோது நான் வியந்து நின்றேன்.

எந்த ஆண்டு?

நால்வரும் ஒத்துக்கொள்ளாத செய்திகளும் உண்டு. மின்சாரம் தடைப்பட்டு ஒலிபெருக்கி நின்றபோதும் அவர் பாட்டை நிறுத்தவில்லை என்று ஒருவர் சொல்ல, "அது வேற ராத்திரி" என்று மற்றவர் மறுத்தார். எந்த ஆண்டு என்பதிலும் பூசல். ஒருவர் எழுபதுகளின் நடுவில் என்றார். மற்றவர் எண்பதுகளின் இறுதி என்று அடித்துப் பேசினார். ஆனால் இரு செய்திகளில் எல்லாரும் ஒன்றுபட்டார்கள். அது மீலாது விழாக் கச்சேரி, அது மார்கழிப் பனி.

அன்பர்களே! இந்த இரண்டும் போதும், ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். நம் ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது. அதற்கு 354 அல்லது 355 நாள்களே உண்டு. ஆகையால் ரபீஉல் அவ்வல் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னகர்ந்து, கோடையையும் மழையையும் பனியையும் சுற்றி வந்து, ஏறத்தாழ 32 அல்லது 33 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அதே பருவத்தைத் தொடுகிறது. கணக்கிட்டுப் பாருங்கள். அம்மாதத்தின் பிறை 12 மார்கழியில் விழுந்தது 1949, 1950 ஆகிய ஆண்டுகளின் ஜனவரியிலும், 1950ஆம் ஆண்டின் டிசம்பரிலும். அதன்பின் 1982 ஜனவரியிலும், அதே 1982ஆம் ஆண்டின் டிசம்பரிலும், 1983 டிசம்பரிலும். எழுபதுகளின் நடுவில் மீலாது வந்தது கோடையை ஒட்டிய மாதங்களில். எண்பதுகளின் இறுதியிலோ அது ஐப்பசி மழைக் காலத்துக்கு நகர்ந்துவிட்டது.

ஆகவே அந்த இரவு 1982, 1983 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குள் வந்த மூன்று மீலாதுகளுள் ஒன்றைச் சேர்ந்ததாகத்தான் இருக்க முடியும். இதைச் சொன்னதும் பூசலிட்ட இருவரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். "அப்படின்னா எனக்குக் கல்யாணமாகி மறு வருஷம்" என்று ஒருவர் மெல்லச் சொன்னார். அவர் முகத்தில் நாற்பது வயது குறைந்ததைக் கண்டேன்.

குரல் எட்டிய தூரம்

காசிமேட்டுப் பெரியவர் சொன்னதைச் சிலர் நம்பவில்லை. அத்தனை தொலைவு ஒரு குரல் கேட்குமா என்றார்கள். கேட்கும்! அறிவியலே அதற்குச் சான்று கூறும். பகலில் வெயிலால் தரை சூடாகி, தரையை ஒட்டிய காற்று வெப்பமாகவும் மேலே உள்ள காற்று குளிர்ச்சியாகவும் இருக்கும். அப்போது ஒலி மேல்நோக்கி வளைந்து வானில் கரைந்துவிடும். காற்றடங்கிய தெளிந்த பனி இரவில் இது தலைகீழாகும். தரை விரைவில் குளிர்ந்துவிட, கீழே குளிர்ந்த காற்றும் மேலே சற்று வெப்பமான காற்றும் அமையும். ஒலி அப்போது மேலே செல்லாமல் மீண்டும் தரைநோக்கி வளையும். பகலில் நாலு தெருவுக்குக் கேட்காத பாங்கொலியும் ரயில் கூவலும் மார்கழி அதிகாலையில் வெகுதொலைவு கேட்பதை நீங்களே அனுபவித்திருப்பீர்கள். பனி விழுவதற்கு ஏற்ற அதே இரவுதான் குரல் பயணம் செய்யவும் ஏற்ற இரவு.

இதில் எனக்கொரு படிப்பினை தெரிகிறது. தெருவில் அமர்ந்தோர் எத்தனை பேர் என்று எண்ணிவிடலாம். திரைக்குப் பின்னாலும் கரையோரத்திலும் நோயாளியின் படுக்கையிலும் கேட்டுக்கொண்டிருந்தோர் எத்தனை பேர் என்று யார் எண்ணுவது? நுழைவுச்சீட்டு இல்லாத கச்சேரிக்கு எல்லையும் இல்லை.

ஒரு கேள்வி

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நீர் பாட்டுக் கச்சேரியைப் பற்றி எழுதலாமா என்று சில வாசகர்கள் வினவக்கூடும். நியாயமான கேள்வியே. இசைக் கருவிகளைக் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கடுமையான கருத்து உண்டு, வேறுபாடும் உண்டு. எனக்குப் பாடம் நடத்திய உஸ்தாதுமார்களில் ஒருவர் கச்சேரி நடக்கும் தெரு வழியாகவே செல்லமாட்டார். அவருடைய பேணுதலை நான் மதிக்கிறேன். அந்த விவாதத்தைத் தீர்த்துவைக்க நான் இங்கே வரவில்லை.

நான் பேசுவது நினைவைப் பற்றி. எழுத்தறியாத ஒரு தாய் தன் பிள்ளையின் காதில் என்ன ஊதினாள் என்பதைப் பற்றி. அயலாரின் தோளில் பாதிக் கம்பளியைப் போர்த்திய கையைப் பற்றி. அண்டை வீட்டாரை ஆதரிப்பதைப் பற்றி நாம் மிம்பரில் எத்தனையோ உரைகள் நிகழ்த்துகிறோம். அந்தத் தெரு அதனை ஓர் இரவு நிகழ்த்திக் காட்டியது. இதை மறந்துவிட்டால் இழப்பு யாருக்கு?

இன்றைய தெரு

அதே வழியில் இன்று நடந்து பாருங்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. 2001ஆம் ஆண்டில் எண்ணூரில் புதிய துறைமுகம் செயல்படத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை மெட்ரோ ரயில் நீண்டது. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் ராயபுரத்திலிருந்து வடக்கே கரையோரமாகக் கிடக்கின்றன. கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டுகின்றன. தெருவை மறித்துப் பந்தல் போட்டு, விடியவிடிய மக்கள் தரையில் அமர்ந்திருந்த காலம் பெரும்பாலும் போய்விட்டது.

அதற்காக ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் படிக்கவும் நோயாளிகள் உறங்கவும் இரவு அமைதியாக இருப்பது நல்லதே. இசைமுரசின் குரலும் எங்கும் போய்விடவில்லை. இசைத்தட்டில் ஏறி, ஒலிநாடாவுக்கு மாறி, இன்று கைப்பேசியில் குடியிருக்கிறது. விரல் நுனியால் தொட்டால் பாடுகிறது.

ஆனால் கைப்பேசியில் இல்லாத ஒன்று உண்டு. பாட்டு அதில் இருக்கிறது, கேட்டவர்கள் இல்லை. நனைந்த திரை இல்லை. மிதிகட்டையில் ஊன்றிய கால் இல்லை. சுக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு ஓடிய சிறுவன் இல்லை. அவையெல்லாம் பதிவாகியிருப்பது அந்த முதியவர்களின் நெஞ்சில் மட்டுமே. அந்த நாடா நாள்தோறும் தேய்ந்து வருகிறது. தேநீர்க் கடைக் கூட்டத்தில் முன்பு அமர்ந்திருந்தவர்களுள் சிலருடைய இடம் இப்போது காலியாக உள்ளது. அந்த இடத்தில் வேறு யாரும் அமர்வதில்லை.

நம்மால் ஆவது

ஹதீஸ் கலையின் பேரறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன் என்ன கேட்டார்கள்? "நீர் நேரில் கேட்டீரா? எவரிடமிருந்து கேட்டீர்? அவர் அப்போது எங்கிருந்தார்?" என்று கேட்டார்கள். ஒரு சொல்லைச் சரிபார்க்க மாதக்கணக்கில் பயணம் செய்தவர்களும் உண்டு. புனிதமான அக்கலையோடு நம் தெருக் கதைகளை ஒப்பிடுவது என் நோக்கமன்று. கேட்கும் முறையை மட்டும் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வோம் என்றே சொல்கிறேன்.

ஆகவே, வாசகச் சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டில் பாட்டனாரோ பாட்டியாரோ இருந்தால் இந்த வாரமே அவர்கள் அருகில் சென்று அமருங்கள். "ஹனிபா அவர்கள் கச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஆண்டைக் கேட்காதீர்கள், அது மறந்திருக்கும். எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேளுங்கள். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். வெயிலா, மழையா, பனியா என்று கேளுங்கள். யாரோடு வீடு திரும்பினீர்கள் என்று கேளுங்கள். மீலாதுக் கச்சேரி என்று சொன்னால் பருவத்தைக் கொண்டு ஆண்டை நீங்களே கணக்கிட்டுவிடலாம். பெண்களிடம் தவறாமல் கேளுங்கள். திரைக்குப் பின்னிருந்தவர்கள்தாம் அதிகம் காத்து வைத்திருக்கிறார்கள். பிற சமயத்து நண்பர்களின் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் அவர்கள் சொன்னபடியே எழுதி, தேதியிட்டு வையுங்கள். அது போதும்.

மீலாது மீண்டும் மார்கழிப் பனியில் வந்தது 2015ஆம் ஆண்டின் ஜனவரித் தொடக்கத்தில். இசைமுரசு அவர்கள் இவ்வுலகில் கண்ட இறுதி மீலாது அதுவே. அதே ஆண்டு டிசம்பரில் மறுமுறை வந்தபோது அவர் இல்லை. இனி அந்த நாளும் அந்தப் பனியும் ஒன்றுசேர்வது 2047ஆம் ஆண்டில். அன்று தேநீர்க் கடை முதியவர்கள் இருக்கப் போவதில்லை. இதை எழுதும் நானும் இருப்பேனா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் இன்று நம் மக்தபில் அலிப், பே ஓதும் சிறுவர்கள் அன்று குடும்பத் தலைவர்களாக இருப்பார்கள். அந்த மார்கழி இரவில் அவர்கள் தம் பிள்ளைகளிடம், "இதே போன்றதொரு குளிரில், இதே தெருவில், முன்பின் அறியாத ஒருவர் நம் பாட்டனாருக்குப் பாதிக் கம்பளி கொடுத்தார்" என்று சொல்ல வேண்டுமானால், அச்செய்தி இப்போது ஒரு நோட்டில் ஏறியாக வேண்டும்.

நம் முன்னோரின் நல்ல நினைவுகளைப் பேணவும், அவர்கள் காட்டிய அன்பைத் தொடரவும் வல்ல ரஹ்மான் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.